யாரும் சாகாத நாவல்

சித்தப்பாவின் பைக்கில் கப்பலூரைத் தாண்டும்போதுதான் எனக்கு அது உறைத்தது. சித்திக்குக் காய்ச்சல் வந்ததற்குக் காரணம் நான்தான்.

ஏழாம் வகுப்பு முடிந்த விடுமுறை. மே மாதக் கடைசி. சித்தி வயிற்றில் கட்டி என்று மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குப் படுத்திருந்தாள். கணக்கு டீச்சர். போனைத் திறந்தாலே பள்ளிக்கூட குரூப்பில் ஹெச்.எம். வந்து நிற்கிறார் என்று அதை அணைத்துவிட்டு என்னிடம் நாவல் கேட்டாள்.

"கடலோ, காடோ, எதுவா இருந்தாலும் சரி. இந்த ரூம விட்டு வெளிய கூட்டிட்டுப் போகணும், அம்புட்டுதான்."

வீட்டில் கதை படிக்கிற ஆள் நான் ஒருத்தி. அட்டையில் கப்பல் இருந்த ஒன்றைப் படித்துப் பார்க்காமலே கொடுத்தேன். கடைசிப் பக்கத்தில் கதாநாயகி கடலில் விழுந்து செத்துப்போகிறாளாம். சித்தி அதை முடித்த மறுநாள் காலையில் காய்ச்சல். ஆபரேஷன் ஒரு வாரம் தள்ளிப்போனது. ஏதோ தொற்று என்றார் டாக்டர். அவருக்கு நாவலைப் பற்றி என்ன தெரியும்?

இப்போது மறுபடியும் தேர்ந்தெடுக்கப் போய்க்கொண்டிருந்தேன். நாளைக் காலை ஆபரேஷன்.

டவுனில் பழைய புத்தகக் கடையில் ஒவ்வொரு நாவலையும் எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன். ஒன்றில் விஷம், ஒன்றில் தூக்கு, ஒன்றில் கதாநாயகனைப் புலி அடித்துவிட்டது.

"என்ன பாப்பா, எல்லாத்தையும் பின்னாடி இருந்து பாக்குற?" என்றார் கடைக்காரர்.

"யாரும் சாகாத நாவல் வேணும்ணே."

"அம்புட்டுப் பேரும் உசுரோட இருந்தா அது கதையில்ல பாப்பா, ரேஷன் கார்டு."

ஒன்று அகப்பட்டது. புதையல் தேடித் தீவுக்குப் போகிற கதை, கடைசியில் நாய்க்குட்டி உட்பட எல்லோரும் பத்திரமாக ஊர் திரும்பிவிட்டார்கள். இரண்டாவதாக மலைக்கோட்டை படம் போட்ட ஒன்றை எடுத்தேன். அதைப் புரட்டுவதற்குள், "வெயிலு மண்டையப் பொளக்குது, வா" என்று சித்தப்பா இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஆஸ்பத்திரியில் சித்தி அந்த இரண்டாவதைத்தான் முதலில் கையில் எடுத்தாள். பின்னட்டை ஆடியது. எட்டிப் பார்த்தேன். கடைசிப் பக்கங்களையே காணோம். அறுந்துகொண்டிருக்கும் கயிற்றில் ஒருவன் பள்ளத்தாக்குக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்தான். அத்தோடு புத்தகம் தீர்ந்துவிட்டது. பிடுங்கப் போனேன்.

"என்னடி? தா அத."

அழுகையோடு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கப்பல், காய்ச்சல், கயிறு எல்லாம். சித்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "சிரிக்க வைக்காதடி, வலிக்குது" என்றாள். பிறகு அந்தக் கடைசித் தாளையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு இதுதான் வேணும். அவன் அப்பிடியே தொங்கட்டும். நாளைக்கு முழிச்சதும், ஏறிட்டானா இல்லையான்னு நான் பாக்கணும்ல? மிச்சத்த நீ எழுதிட்டு வா."

"எனக்கு எழுதத் தெரியாது சித்தி."

"ஆளச் சாகடிக்கத் தெரியாதுல்ல? அது போதும்."

கிளம்பும்போது என் மணிக்கட்டைப் பிடித்தவள் விடவேயில்லை. வார்டு முழுக்க அனல். ஃபேன்கூடச் சூட்டைத்தான் வாரி இறைத்தது. அவள் விரல்கள் மட்டும் ஐஸ் மாதிரி இருந்தன. வகுப்பையே ஒரு பார்வையில் அடக்குகிற டீச்சருக்குக் கை ஏன் அப்படிச் சில்லிட்டுப் போனது என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. டிரிப்ஸ் ஏறுவதால் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கு வேறு கவலை. அந்த மலைப்பக்கம் மனித நடமாட்டமே கிடையாது என்று நாவலில் முன்பே எழுதித் தொலைத்திருந்தார்கள். கயிற்றில் ஒரு புரிதான் மிச்சம். வீட்டுக்குப் போனதும் கணக்கு நோட்டில் எழுதாத தாள்களைக் கிழித்துக்கொண்டு உட்கார வேண்டும். முதலில் அவனை மேலே இழுக்க ஓர் ஆள் தேவை. ஆடு மேய்க்கிற அக்காவாக இருக்கட்டும், நல்ல பலசாலி. எப்பாடுபட்டாவது விடிவதற்குள் அவளை உச்சிக்கு ஏற்றிவிட வேண்டும்.