வேதாகமத்துக்குள் இருந்த துண்டு

ஸ்பிரிங்வெளித் தோட்டத்திலிருந்து பதுளைக்கு இறங்கும் பாதையில் நடந்துகொண்டிருந்தேன். சில வருடங்களுக்கு முன், எழுபதுகளின் நடுவில், ஓர் ஐப்பசி மாத ஞாயிற்றுக்கிழமை காலை. பனிமூட்டத்தில் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. கஷ்டம் வந்தால் நடந்துவிடுவது என் வழக்கம். அப்புத்தளை, கொஸ்லந்த என்று அப்படித்தான் அலைந்தேன். ஆனால் அன்று விட்டுவந்தது ஓர் உயிரை.

கல்யாணமாகி ஐந்து வருடம். பிள்ளை இல்லை. பதுளையில் ஒரு டாக்டர் என்னைச் சோதித்தார். "குறை ஒங்ககிட்டதான் இருக்கு. இந்த விட்டமின் குளிசையப் போடுங்க. சரியாகும்னு உறுதி சொல்ல மாட்டேன். பீடிய விடுங்க, சூடு ஆகாது, அடுப்பு வேலையையும் விடுங்க" என்று மருந்துத் துண்டு எழுதித் தந்தார். நான் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து காயவைக்கும் அடுப்புக்கு விறகு தள்ளுகிறவன்.

வீட்டில் மாற்றிச் சொன்னேன். குறை எஸ்தருக்கு, மருந்தும் அவளுக்கு என்றேன். எழுத்தறியாத என் மனைவி நம்பினாள். தினமும் என் அம்மாவின் கண்முன் அந்தக் குளிசையை விழுங்கினாள். துண்டைத் தன் கல்யாண வேதாகமத்துக்குள் வைத்து ஜெபித்தாள்.

மாதங்கள் போயின. அம்மா எனக்கு வேறு பெண் பார்த்துவிட்டாள். அந்த ஞாயிறு உபதேசியார் வந்து ஜெபித்ததும் எஸ்தரை அவள் அப்பன் வீட்டுக்கு அனுப்புவதாக முடிவு. இதே பழியோடு பக்கத்து லயத்து வீட்டிலிருந்து அனுப்பப்பட்டவள் ஊர் போய்ச் சேரவில்லை. ஆற்றில்தான் கிடைத்தாள். எஸ்தர் துணி மடித்தபடியே, "எனக்கும் அந்த ஆத்துப் பாதைதாங்க" என்றாள். நான் பாதையில் இறங்கிவிட்டேன்.

பாலத்தருகே நின்று ஜெபித்தேன். "ஆண்டவரே, நான் வாய் திறக்காமலே அவளைக் காப்பாற்றும்." கீழே தண்ணீர் சிவந்து, மண்ணோடு இரைந்து ஓடியது.

மூட்டத்துக்குள்ளிருந்து ஒரு குடை வந்தது. உபதேசியார்.

"எங்கப்பா கெளம்பிட்ட? ஒன் வீட்டுலதானே ஜெபம்? ஓ, என்னைக் கூட்டிப் போக வந்தியாக்கும். இந்தா, பையப் புடி. மூச்சு வாங்குது."

பிடித்தேன். அவர் பின்னால் ஏறினேன்.

எஸ்தரின் மூட்டை வாசலில் இருந்தது. உபதேசியார் அவளுடைய வேதாகமத்தைத் திறந்தார். துண்டு விழுந்தது.

"இது யாருதும்மா?"

"என்னோடதுங்க ஐயா."

அவர் கண்ணாடியைத் தேடினார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "என்னோடது" என்றேன். "கொறை எனக்குத்தான்."

"ஆம்பளைக்கு ஏதுடா கொறை? இவ ஒனக்கு மருந்து வச்சிட்டாளா?" அம்மா கத்தினாள்.

எஸ்தர் அழவில்லை. "இத்தன மாசம் ஒங்க மருந்த என்னை முழுங்க வச்சீங்களே" என்றாள். குளிசைப் போத்தலை என் முன் வைத்தாள். "இனிமே நீங்க. எங் கண்ணு முன்னாடி." பிறகு மூட்டையை உள்ளே கொண்டுபோனாள்.

பிள்ளைக்காக இன்றும் ஜெபிக்கிறோம். இன்னும் இல்லை. ஆனால் அவள் உயிரோடு என் பக்கத்தில் இருக்கிறாள். நான் கேட்ட வழியைக் கர்த்தர் அடைத்துவிட்டு, கேட்டதைக் கொடுத்தார். பொய்யைச் சுமந்து நடக்கிற சகோதரனே, நிமிர்ந்து பார். உன் எதிரே அவர் யாரையாவது அனுப்பியிருப்பார்.

அந்த ஞாயிறுக்கு மறுநாள், ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் பெரட்டில், அடுப்பு வேலை வேண்டாம் என்றேன். கணக்கப்பிள்ளை சிரித்தார். "அடுப்படியில குளிர் தெரியாம கெடந்தவன், மழையில கான் வெட்டப் போறியா? பைத்தியமாடா?"

"ஆமாங்க" என்றேன். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, தேயிலைக்கு நடுவே தண்ணீர் போகக் கான் வெட்டப் போனேன்.