ஈ, எச், டி, அரைப்புள்ளி

என் அண்ணிக்குத் தட்டச்சு தெரியும், பயப்படவும் தெரியும். இரண்டிலும் அவரை மிஞ்ச எங்கள் தெருவில் ஆள் கிடையாது. ஒரே அறைதான் கடை. ஜன்னல் பக்கம் அவருடைய கம்ப்யூட்டர், கதவுப் பக்கம் என் ஜெராக்ஸ் மெஷின். பதினாறு வருடமாக அவர் முதுகைப் பார்த்தபடியே பிழைக்கிறேன். அவரைப் பற்றிச் சொல்ல என்னைவிட யாருக்கு உரிமை?

அண்ணி கீபோர்டைக் குனிந்து பார்க்கவே மாட்டார். பார்த்தும் பயனில்லை, கட்டைகளில் எழுத்தெல்லாம் தேய்ந்து மொட்டையாகிவிட்டது. தமிழோ இங்கிலீஷோ, கண் தாளில் இருக்கும், விரல் தானாக ஓடும். என்ன அடித்தீர்கள் என்று கேட்டால் ஒரு வரி சொல்லத் தெரியாது. "கண்ணு வாங்குது, கை அடிக்குது. நடுவுல நான் எதுக்கு?" என்பார்.

டிரைவர் ஐயாவின் பதினொரு நோட்டுகளையும் அப்படித்தான் அடித்து முடித்தார். முப்பத்தொரு வருடம் லாரி ஓட்டியவர், தன் கதையைத் தானே எழுதியிருந்தார். பார்வை நாளுக்கு நாள் மங்கிக்கொண்டு வந்தது, டாக்டர் கையை விரித்துவிட்டார். வேலை முடிந்தது என்று அண்ணி சொன்ன மறுநாளே, மனிதர் நோட்டுகளைத் தூக்கிப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டார்! ஏன் இப்படி என்று கேட்டேன். "இனிமே அதைத் திறந்தா எனக்கு வெறும் கறுப்பாத்தான் தெரியும். வீட்டுல எதுக்கு அடைசல்?" என்றார். பிரிண்டும் இன்னும் எடுக்கவில்லை. ஆக, அவர் எழுதியது முழுவதும் எங்கள் ஜன்னலோரப் பெட்டிக்குள் மட்டும்தான் இருந்தது.

அந்தப் பெட்டியோ சாகக் கிடந்தது. ஒரு பக்கம் திறப்பதற்குள் நான் டீ குடித்து டம்ளரையும் கழுவி வைத்துவிடுவேன். கம்ப்யூட்டர் மெக்கானிக் ஒரு பென்டிரைவைக் கொண்டுவந்து கொடுத்தார். "விண்டோஸை எடுத்துட்டு லினக்ஸ் போடுங்க. சும்மாவே கிடைக்குது. உள்ள என்ன எழுதியிருக்குன்னு யார் வேணும்னாலும் திறந்து பார்க்கலாம்."

"இது கம்ப்யூட்டரா, சத்திரமா?" என்று கேட்டேன்.

அவர் சிரித்துக்கொண்டே ஒரு தாளில் வரிசையாக எழுதிக் கொடுத்துவிட்டு வெளியூர் கிளம்பிவிட்டார். அண்ணி அந்தத் தாளை இரண்டு நாள் தேர்வுக்குப் படிப்பதுபோல் படித்தார். மூன்றாம் நாள் காலை டிரைவர் ஐயாவின் பக்கங்களை வேறொரு பென்டிரைவில் ஏற்றினார். என்னை எண்ணிப் பார்க்கச் சொன்னார். நானூற்றுப் பதினெட்டு. பென்டிரைவைக் கைக்குட்டையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டுதான் உட்கார்ந்தார்.

திரையில் ஒரு கேள்வி வந்தது. வட்டில் உள்ள அனைத்தும் அழிக்கப்படும், தொடரலாமா?

அண்ணி மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டார். "நீ அமுக்குடி, வாயாடி."

"நான் எதுக்கு? நாளைக்கு என் தலையில கட்டவா?"

கடைசியில் இரண்டு பேரும் விரலை வைத்துச் சேர்ந்தே அமுக்கினோம். நாற்பத்தேழு சதவீதத்தில் போய் நின்றது. நின்றது நின்றதுதான். அண்ணி மூன்று தடவை எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார். "போச்சு, போச்சு" என்று ஜபம் வேறு. "வாயில நல்ல வார்த்தையே வராதா அண்ணி?" என்று அதட்டினேனே தவிர, நானும் அந்த எண்ணை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

ஒருவழியாக முடிந்தது. பெட்டியில் எதைத் தொட்டாலும் பட்டுப் பட்டென்று திறந்தது, மூடியது. அண்ணி சிரித்தேவிட்டார். முடிச்சை அவிழ்த்துப் பக்கங்களை உள்ளே ஏற்றித் திறந்தார்.

தமிழ் இல்லை. ஒரு வார்த்தைகூட இல்லை. பக்கம் பக்கமாக இங்கிலீஷ் எழுத்துகள், அர்த்தமே இல்லாமல், நடுநடுவே அரைப்புள்ளி. நானூற்றுப் பதினெட்டும் அப்படியே. பென்டிரைவில் இருந்ததும் அதே கதி. மெக்கானிக்குக்குப் போன் போட்டால் அணைத்து வைத்திருந்தார்.

"ஒரு மனுஷனோட ஆயுசையே அழிச்சிட்டேனே" என்றார் அண்ணி.

மூன்று மணிக்கு வாசலில் கைத்தடிச் சத்தம். டிரைவர் ஐயா. "கரன்ட் இல்லைன்னு சொல்லிடலாம்" என்று அண்ணி காதில் ஓதினேன். தலைக்கு மேல் மின்விசிறி கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது.

அண்ணி பொய் சொல்லவில்லை. அவரை உட்காரவைத்து, நடந்ததை ஒன்று விடாமல் சொல்லிவிட்டார். அவர் கைத்தடியின் பிடியைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"மொத வரியாவது ஞாபகம் இருக்காம்மா?"

"இல்லைங்க. அடிச்சேன், ஆனா படிக்கலைங்க."

"எனக்கும் இல்லை. எழுதினப்போ நல்லா இருந்துச்சு" என்றார்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. யார்மேல் காட்டுவது? திரையைப் பிடித்துத் திட்டினேன். "என்ன எழவு இது? ஈ, எச், டி, அரைப்புள்ளி! இதையெல்லாம் எவன் படிப்பான்?"

அண்ணியின் விரல்கள் மடியில் அசைந்தன.

"மறுபடி சொல்லு."

"ஈ. எச். டி. அரைப்புள்ளி."

மேஜை விளிம்பில் அவர் விரல்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. "நான்" என்றார்.

"நீங்க என்ன?"

"நான் இல்லைடி! அதுல 'நான்'னு எழுதியிருக்கு!" திரையைக் காட்டினார். "எழுத்து எங்கேயும் போகலை. நான் அமுக்கின கட்டை அப்படியே இருக்கு. பழைய தமிழ் ஃபான்ட் இந்தப் புதுசுல இல்லை, அதான் இங்கிலீஷ் முகத்தைக் காட்டுது."

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். கண் திரையில், விரல் மேஜையில். ஒவ்வொரு சொல்லாக, எழுத்துக்கூட்டும் குழந்தைபோல் படித்தார். "நான்... முதன்முதலில்... லாரியில் ஏறிய அன்று... பயத்தில் அழுதேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை."

டிரைவர் ஐயா தொடையில் தட்டிச் சிரித்தார். கண்ணில் நீர் வழிந்தது, துடைக்கவில்லை. "ஆமா. அதேதான்."

"மெக்கானிக் வந்ததும் ஃபான்ட்டைப் போட்டுச் சரி பண்ணித் தந்துடறேங்க. அப்ப வாங்க."

"எனக்கு அது எந்த முகத்துல இருந்தா என்னம்மா? நீங்க படிங்க."

அண்ணி படித்தார். வாசலில் ஒருவர் சான்றிதழை நீட்டிக்கொண்டு நின்றார். அரைமணி கழித்து வாங்க என்று கையைக் காட்டிவிட்டு, நானும் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.