ஞாயிற்றுக்கிழமைச் சலுகை

அந்த பிஸ்கட் தொழிற்சாலையில் அவளைச் சீலிங் அக்கா என்று சொன்னால்தான் தெரியும். பிஸ்கட் உறையின் வாயைச் சூட்டில் ஒட்டும் சீலிங் மெஷினில் பதினாறு வருஷம் நின்றவள். பெல்ட்டின் சத்தம் துளி மாறினாலே நிறுத்தச் சொல்வாள். நிறுத்திப் பார்த்தால் எங்கேயாவது உறை சிக்கியிருக்கும்.

பேக்கிங் பிரிவில் பெண்கள் அறுபது பேர், ஆண்கள் இருபது பேர். சூப்பர்வைசர்கள் ஒன்பது பேருமே ஆண்கள். லேபிள் ஒட்டும் அவளுடைய நாத்தனார் சாப்பாட்டு நேரமெல்லாம் இதையே சொல்லிப் பொருமுவாள்: "நம்மள வேணும்னே அமுக்குறாங்க அண்ணி. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?" மேனேஜரோ, சூப்பர்வைசர் பரீட்சை எல்லாருக்கும் ஒன்றுதான், தேறாதவர்களை நான் என்ன செய்வது என்று கையை விரிப்பார்.

அக்காவுக்கு இரண்டு பேச்சுமே முழுசாகப் பிடிபடவில்லை. அவளே மூன்று தடவை அந்தப் பரீட்சையில் கோட்டை விட்டவள். எழுத்துத் தேர்வில் முன்னால் நிற்பாள். செய்முறையில் மண்ணைக் கவ்வுவாள். தன் கைக்குச் சாமர்த்தியம் போதவில்லை என்று இத்தனை நாளும் வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

ஒரு வாரம் உட்கார்ந்து அறுபது பேரையும் விசாரித்தாள். முப்பத்தெட்டுப் பேர் அந்த வேலையே வேண்டாம் என்றார்கள். நாத்தனாரும் அதில் ஒருத்தி. "ஊர்ப்பட்ட ஏச்சு வாங்கணும், எனக்கெதுக்கு அண்ணி?" என்றாள். அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். ஆசைப்பட்ட மற்ற இருபத்திரண்டு பேரில் எட்டுப் பேர், எழுதி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டவர்கள். எழுதியவர்கள் பதினான்கு. எழுத்தில் தேறியவர்கள் பதினொன்று. செய்முறையில் ஒருத்தியும் இல்லை.

பதினொரு பேருக்கும் ஒரே இடத்திலா கால் இடறும்? செய்முறை என்பது மெஷினைக் கழற்றி ஒரு மணி நேரத்தில் திரும்பப் பூட்டுவது. ஆண்கள் அதை எங்கே படித்தார்கள் என்று ஃபிட்டரிடம் கேட்டாள். மாதத்தில் ஒரு ஞாயிறு எல்லா மெஷினையும் பிரித்துத் துடைப்பார்கள், ஒத்தாசைக்கு ஆண்கள் முறை வைத்து வருவார்கள் என்றார் அவர். வீட்டு வேலை இருக்குமே என்று பெண்களுக்கு மட்டும் அன்று விடுப்பு. பழைய மேனேஜர் கொடுத்த சலுகை.

"நல்லதுன்னு நெனச்சுதான்மா குடுத்தாங்க."

"புரியுதுண்ணே. ஆனா கதவச் சாத்துனது அதுதான்."

மறுநாள் ஒரே ஒரு தாளோடு மேனேஜர் அறைக்குப் போனாள். குரலை உயர்த்தவில்லை.

"ஒன்பது பேரும் ஆம்பளைங்கறத மட்டும் வெச்சு நான் தப்புச் சொல்ல வரல சார். வேண்டாம்னு சொன்னவங்களையும் இதுல எழுதியிருக்கேன். ஆனா இந்தப் பதினொரு பேரப் பாருங்க. மெஷினப் பிரிக்கவே விடாம, கழட்டத் தெரியலன்னு தள்ளிட்டோம்."

மேனேஜர் தாளைப் பார்த்தார். அதன் பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. அடுத்த மாதத்திலிருந்து ஞாயிறு வேலைக்கு விருப்பப்பட்ட பெண்களும் வரலாம் என்று அறிவிப்பு ஒட்டினார்.

முதல் ஞாயிறே ஒன்பது பெண்கள் வந்தார்கள். முழங்கைவரை கிரீஸ். அக்காவின் வீட்டில் அன்று சமையல் அவள் புருஷன் தலையில். சாப்பாடு உப்புக் கரித்தது. தட்டில் ஒன்றும் மிஞ்சவில்லை.

எட்டு மாதம் கழித்துப் பரீட்சை வந்தது. அக்கா நாற்பத்தோரு நிமிஷத்தில் மெஷினைப் பூட்டி, பட்டனை அழுத்தினாள். முதல் உறை தலைமுடி அளவுகூடப் பிசகாமல் ஒட்டி வெளியே விழுந்தது. ஆண் பெண் அத்தனை பேரிலும் முதலிடம் அவளுக்கு. அவளோடு இன்னும் மூன்று பெண்கள் தேறினார்கள்.

சூப்பர்வைசர் கோட்டு ஆண்களின் தோளுக்குத் தைத்தது. அவளுக்குக் கை விரல்நுனிவரை தொங்கியது. அதை இரண்டு மடிப்பு மடித்துவிட்டு, பெல்ட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தாள். எல்லார் கையிலும் வேலை இருந்ததால் யாரும் கை தட்டவில்லை. அவள் கடந்து போகப் போக, ஒவ்வொருத்தியும் தலை நிமிர்ந்து பார்த்தாள்.