காதர் அண்ணன் பேசிய பகுதி

போன வாரம் மதுரை அவனியாபுரத்தில் ஷேர் ஆட்டோ ஏறினேன். டிரைவர் ஏதோ பாட்டுப் போட்டிருந்தார். முதலில் அரபுநாட்டுக் கம்பி வாத்தியம், பின்னால் டப் டப் என்று ஒரு தோல் சத்தம். அது காதர் அண்ணனின் தாயிரா, கையால் தட்டும் வட்டத் தோல்கருவி. ஆள் போய்ச் சில வருஷங்கள் ஆகின்றன. இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டுப் பெருங்குடி வரை போய்விட்டேன்.

அண்ணன் இருந்த காலத்தில் நான் ஒரு சின்ன ஸ்டுடியோவில் ஒலிப்பதிவு வேலை பார்த்தேன். பல நூறு வருஷத்துக்கு முன் மொராக்கோவிலிருந்து கிளம்பி உலகம் சுற்றிய முஸ்லிம் பயணி ஒருவர் மதுரைக்கும் வந்து போனார், தெரியுமல்லவா? அவர் போன வழியெல்லாம் ஊருக்கு ஒரு பாட்டு என்று ஒரு வெளிநாட்டுக் குழு இசைத்தொகுப்பு தயாரித்தது. மதுரைக்குக் காதர் அண்ணன். தர்காக்களில் தாயிரா தட்டிப் பாடுகிறவர். மற்ற நாளில் பரவை மார்க்கெட்டில் வெங்காய மூட்டை எடைபோடுவார். சட்டையெல்லாம் வெங்காய வாசம். இன்றைக்கும் வெங்காயம் உரித்தால் எனக்குக் கண் கலங்குவது அவரால்தான் என்றால் வீட்டில் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

ஏசிக் குளிரில் தாயிராத் தோல் தொய்ந்துவிடும். அண்ணன் வெளியே போய் டீக்கடை அடுப்பில் காட்டிக்கொண்டு வருவார். சூடு ஆறுவதற்குள் ஒரு பாட்டு, பிறகு மறுபடி அடுப்பு. நடுவில் ஓயாத பேச்சு.

"அந்தாளு நம்ம ஊரப் பத்தி என்ன தம்பி எழுதியிருக்காரு?"

"ஊரெல்லாம் கொள்ளைநோயின்னு எழுதியிருக்காரு அண்ணே."

"எம்புட்டுத் தூரம் வந்து, அதத்தானா பாத்தாரு!" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பும் பதிவாகியிருந்தது. நானோ தொழிலில் சுத்தம் பார்க்கிற மகராசன். இருமல், பேச்சு, சிரிப்பு என்று பாட்டில்லாத எல்லாவற்றையும் அன்று சாயங்காலமே வெட்டி அழித்தேன். முதலாளி பாராட்டினார். பெருமை தாங்கவில்லை.

பிறகு கொரோனா வந்தது. அண்ணனைப் பிளாஸ்டிக்கில் சுற்றிக் கொடுத்தார்கள், முகம் பார்க்க விடவில்லை. சில மாதம் கழித்து அவர் மனைவி ஸ்டுடியோவுக்கு வந்தார்.

"அவுக குரலு ஒங்ககிட்ட இருக்குமாமே தம்பி."

ஹெட்போனை மாட்டிவிட்டு முழுப் பாட்டையும் போட்டேன். கடைசிவரை கேட்டுவிட்டு மெதுவாகக் கழற்றி வைத்தார்.

"பாடுறது ஊருக்குத் தம்பி. எங்ககிட்ட பேசத்தான செஞ்சாக. 'வாரேன்'னு ஒரு வார்த்தையாச்சும் இருக்கா?"

"தேடிப் பாக்குறேன் மதினி" என்றேன். அழித்தவனுக்குத் தெரியாதா, அது இல்லை என்று?

இப்போது ஸ்டுடியோ இருந்த இடத்தில் செல்போன் கடை. அந்தக் கம்ப்யூட்டரை எடைக்குப் போட்டாயிற்று. மதினி மட்டும் ஒவ்வொரு பெருநாளுக்கும் போன் செய்கிறார்.

"கெடச்சுச்சா தம்பி?"

"தேடிக்கிட்டுதான் இருக்கேன் மதினி."