பூட்டிய வீட்டுக்கு மூன்று கையெழுத்து

கல்லிக்கு, அதாவது சந்துக்கு, ஒரு ஆள் வேண்டும் என்று குடியிருப்போர் சங்கத் தலைவர் சுரேந்திரன் கேட்டபோது கூட்டத்தில் யாரும் வாய் திறக்கவில்லை. தாராவியில் அவரவருக்குப் பட்டறை இருந்தது, ஷிஃப்ட் இருந்தது. பழைய வீடுகளை இடித்துவிட்டுப் புதுக் கட்டடம் எழுப்பப் போகிறார்கள். அதற்கு முன்னால் வீடு வீடாகச் சர்வே எடுப்பார்கள். அதில் தகுதி என்று பட்டியலில் வருகிறவர்களுக்குத்தான் புது வீடு. வருகிறவர்களோடு கூட நடந்து, இது இன்னார் வீடு என்று சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும். சம்பளம் கிடையாது. பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரஷீதா, "வேணும்னா நான் போறேன்" என்றாள்.

ரஷீதாவுக்கு ஐம்பத்தொரு வயது. மேலப்பாளையத்துக் குடும்பம் என்றாலும் பிறந்ததே தாராவியில்தான். கணவர் அப்துல் வாஹித் பெல்ட் பட்டறை வைத்திருந்தார். கொரோனாவில் நாலே நாள் காய்ச்சலில் மௌத்தானார். மகள் அஃப்ஷா கல்யாணமாகிக் குர்லாவுக்குப் போனாள். அதற்குப் பிறகு ரஷீதா வீட்டிலிருந்தே ஸ்கூல் பைகளுக்கு ஜிப் தைத்துக் கொடுத்தாள். மிஷினை நிறுத்தினால் வீட்டில் சத்தமே இருக்காது. யாரோடும் ஒரு வார்த்தை பேசாமலே சில நாட்கள் முடிந்துவிடும். அவள் போகிறேன் என்று சொன்னதற்கு அதுதான் காரணம். பொதுத்தொண்டு என்பதெல்லாம் பிறகு மற்றவர்கள் சொன்னது.

ஆனால் வேலை அவளுக்குக் கைவந்தது. மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் எட்டு வரை படித்தவள். மராத்தி ஃபாரத்தை எழுத்துக்கூட்டி வாசித்துத் தமிழில் சொல்வாள். அந்தக் கல்லியின் அறுபத்து நாலு வீட்டாரும் கரண்ட் பில்லையும் ரேஷன் கார்டையும் தூக்கிக்கொண்டு அவளிடம் வந்தார்கள். பேர்கூடத் தெரியாமல் கடந்துபோன பெண்கள், "அக்கா, ஒரு வாய் டீ குடிச்சிட்டுப் போங்க" என்று கையைப் பிடித்து உட்கார வைத்தார்கள். அந்த நாட்களில் அவள் முகமே தெளிந்திருந்தது என்று அஃப்ஷா சொன்னாள்.

ஜூலையில் கல்லிக்குச் சர்வே வந்தது. நல்ல மழை. நாற்பத்தொன்றாம் வீடு பூட்டிக் கிடந்தது. அது ரஷீதாவின் எதிர்வீடு, சொரிமுத்துவின் வீடு. சொரிமுத்து மாட்டுங்காவில் ஒரு ஹோட்டலில் மாவு அரைக்கிறவர். மனைவி சொர்ணம்மாளுக்குக் கர்ப்பப்பையில் புற்றுநோய். தினமும் போய்வர அவளால் ஆகாது என்று இரண்டு மாதமாக ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே ஒரு தர்மசாலையில் தங்கியிருந்தார்கள்.

ரஷீதா எல்லாவற்றையும் இந்தியில் விளக்கிச் சொன்னாள். சர்வேக்காரர் மரியாதையான மனிதர்தான். காலையிலிருந்து அவளை மேடம் என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரி என்று எழுத ஃபாரத்தில் இடமில்லை, பூட்டிய வீடென்றால் மூன்று தடவை வந்து பார்க்க வேண்டும், அதுதான் விதி என்றார். சொரிமுத்துவுக்குப் போன் போட்டாள். சுவிட்ச் ஆஃப். அதற்குள் சர்வேக்காரர் அன்றைய தேதியோடு வரப்போகிற இரண்டு தேதிகளையும் சேர்த்து எழுதிவிட்டார். "அப்புறம் நாங்க வந்துக்கறோம், மேடம். நீங்க மூணு எடத்துலயும் சைன் பண்ணிடுங்க." காகிதம் நனைந்துகொண்டிருந்தது. இன்னும் இருபத்து மூன்று வீடு பாக்கி. ரஷீதா மூன்று கையெழுத்தும் போட்டாள்.

அவர்கள் திரும்ப வரவில்லை. சுரேந்திரனிடம் சொல்ல வேண்டும் என்று இரண்டொரு தடவை நினைத்தாள். மற்ற வீட்டுக் காகிதங்களுக்கு நடுவில் அது விட்டுப்போயிற்று.

ஆகஸ்டில் சொர்ணம்மாள் செத்துப்போனாள். சொரிமுத்து ஒற்றை ஆளாக வந்து பூட்டைத் திறந்தார். சோறாக்க ஆள் இல்லாமல் அவர் உட்கார்ந்திருந்த நாட்களில் ரஷீதாதான் கஞ்சி கொண்டுபோய் வைத்தாள். மறுவாரம் சங்கத்துச் சுவரில் பட்டியல் ஒட்டினார்கள். தனக்கு மராத்தி தெரியாது, வாசித்துச் சொல்லுங்கள் என்று அவர் அவளைக் கூட்டிப்போனார். அவள் வாசித்தாள். மூன்று முறை பார்வையிட்டும் வீட்டில் ஆள் இல்லை, தகுதியில்லை.

"மூணு தடவையா வந்தாவ, அக்கா?"

"எழுதியிருக்காங்க, தம்பி" என்றாள் ரஷீதா.

"நீங்க என்ன செய்வீங்க? பூட்டிக் கெடந்தா பூட்டிக் கெடக்குன்னுதான கையெழுத்துப் போடணும்" என்று அவர்தான் அவளுக்கு ஆறுதல் சொன்னார்.

அது அவளை அறுத்தது. குர்லாவுக்குப் போய், மகளை வைத்து ஒரு கடிதம் எழுதினாள்: சர்வேக்காரர்கள் வந்தது ஒரே தடவை, மற்ற இரண்டு கையெழுத்தும் நான் முன்கூட்டியே போட்டவை. அதைச் சுரேந்திரனிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் இரண்டு தடவை வாசித்துவிட்டு அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.

"அக்கா, அறுபத்து நாலு ஃபாரத்துலயும் உங்க கையெழுத்துதான் இருக்கு. ஒண்ணுல பொய்யா போட்டேன்னு நீங்களே எழுதிக் குடுத்தா, மத்த அறுபத்து மூணையும் எவன் நம்புவான்? மொத்தக் கல்லியையும் தூக்கி வெளிய போட்டுருவான்."

சாயங்காலத்துக்குள் விஷயம் பரவிவிட்டது. சொரிமுத்துவின் காதில் மட்டும் யாரும் போடவில்லை. டீ கொடுத்த பெண்கள் ரஷீதாவின் வாசலில் வந்து நின்றார்கள். அவர்களில் ஒருத்தி, விஜயராணி, இடுப்பில் பிள்ளையோடு வந்திருந்தாள்.

"எங்களயும் நெனச்சுப் பாருங்கக்கா. அவுகளுக்குப் பிள்ளையும் இல்ல, இப்பப் பொஞ்சாதியும் இல்ல. ஒத்த ஆளு எங்கயும் போயி இருந்துக்கிடுவாவ."

அந்தப் பேச்சு தப்பு என்று அங்கே யாரும் சொல்லவில்லை. ரஷீதாவும் சொல்லவில்லை. கடிதத்தை மடித்து அலமாரித் துணிக்கு அடியில் வைத்தாள்.

அதற்குப் பதிலாக ஆஸ்பத்திரிச் சீட்டுகளை எடுத்துக்கொண்டு சொரிமுத்துவோடு நாலு தடவை சர்வே ஆபீசுக்கு நடந்தாள். ஒவ்வொரு தடவையும் அங்கே இருந்தவர் அந்த மூன்று கையெழுத்தையும் விரலால் தட்டிக் காட்டினார். உங்கள் சங்கத்து ஆளே சாட்சி, இதற்கு மேல் என்ன வேண்டும் என்றார். சொரிமுத்து ஒவ்வொரு தடவையும் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார். டிசம்பரில் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்தது. எதிர்த்து நிற்க அவரிடம் தெம்பு இல்லை. ஒரு டெம்போவில் சாமான்களை ஏற்றிக்கொண்டு கோவண்டியில் ஒரு வாடகை அறைக்குப் போய்விட்டார். அந்த வாரமே ரஷீதா சர்வே வேலைக்காகத் தந்திருந்த சங்கத்து அட்டையைச் சுரேந்திரனிடம் திருப்பிக் கொடுத்தாள்.

ஜனவரியில் ஒருநாள் விலாசம் விசாரித்துக்கொண்டு கோவண்டிக்குப் போனாள். மாடியில் ஜன்னல் இல்லாத அறை. அவர் பாயை விரித்து உட்காரச் சொன்னார். டீ வாங்கி வரட்டுமா என்று எழுந்தார். அவள் வேண்டாமென்று சொல்லிவிட்டு, அந்த மழை நாளிலிருந்து மடித்து வைத்த கடிதம் வரைக்கும் ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள்.

டீக்கு எழுந்து நின்றவர் சுவரோரமாக உட்கார்ந்தார்.

"அப்பம் அவங்க வரவே இல்ல."

"இல்ல தம்பி."

"மூணு தடவ வந்திருக்கான், ஒரு தடவயாவது நான் வந்து எட்டிப் பாத்திருக்கக் கூடாதான்னு இத்தன நாளும் என்னையே ஏசிக்கிட்டுக் கெடந்தேன். அவளுக்குக் கஞ்சி குடுத்த நேரத்துல வீட்டப் பாக்காம விட்டுட்டமேன்னு." அவர் குரல் உயரவே இல்லை. "போயிட்டு வாங்க."

அக்கா என்று அவர் சொல்லவில்லை. ரஷீதா எழுந்து செருப்பை மாட்டினாள். அவள் படியில் கால் வைப்பதற்குள் பின்னால் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. கீழே வந்தவளுக்கு ஸ்டேஷன் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. யாரிடமும் கேட்கத் தோன்றாமல் கூட்டம் போகிற பக்கமாக நடந்தாள்.