பூ வைத்துக்கொண்டு தண்ணீருக்குப் போன நாள்

மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றவள் நான். எதற்கெடுத்தாலும் பயப்படுகிற சுபாவம் வேறு.

கல்லல் ஊர் மாப்பிள்ளைக்கு என்னைப் பரிசம் போட்டு நிச்சயம் செய்திருந்தார்கள். பங்குனித் திருவிழாவுக்கு அவரே வண்டி கட்டி வந்து என்னையும் அம்மாவையும் அழைத்துப் போனார்.

"வெரசா ஓட்டாதீக, மாடு மிரண்டுரும்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன்.

"இப்பவே இம்புட்டுப் பயந்தா, கட்டிக்கிட்ட பெறகு என்னையப் பத்திரமா உறியில தூக்கி வச்சிருவியா?" என்று சிரித்தார். அம்மாவும் சிரித்தாள்.

மாட்டுக்குப் பயந்த எனக்கு, அவருக்கு வாந்திபேதி வரும் என்று தோன்றவே இல்லை. சித்திரையில் ஒரே பகலில் அவர் போய்விட்டார். முகத்தையாவது பார்த்துவிடலாம் என்று புறப்பட்டேன். அப்பா வாசலை மறித்தார்.

"தாலி ஏறல. நீ அங்குட்டுப் போயி அழுதா, நாளைக்கு உன்னைய எவன் கேட்டு வருவான்?"

அப்பா மட்டும் துக்கத்துக்குப் போனார். அம்மா என் தலையில் பூ வைத்து, கையில் குடத்தைக் கொடுத்தாள். "ஊருணிக்குப் போயிட்டு வா. அழுகாத மொகத்த நாலு பேரு பாக்கட்டும்" என்றபோது அவள் குரல் உடைந்தது.

ஊருணியில் பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்கள். குடம் நிறைந்தது, தூக்க முடியவில்லை. குடத்தின் மேலேயே குனிந்து நின்றேன். முன்பின் பார்த்திராத ஒருத்தி என்னருகில் வந்தாள்.

"கண்ணுல தூசி விழுந்திருச்சா ஆத்தா? இங்குட்டு வா" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லி, என்னைக் கரைமேல் குனியவைத்து, தன் குடத்துத் தண்ணீரை என் முகத்தில் ஊற்றினாள். சத்தம் வராமல் அழுதேன். அவள் நிறுத்தாமல் ஊற்றினாள்.

பிறகு வேறு இடத்தில் வாழ்க்கைப்பட்டேன். தாலி ஏறாதவளிடம் துக்கம் விசாரிக்க யாரும் வருவதில்லை. அவருக்காக அழ எனக்குக் கிடைத்தது, ஒரு குடம் தண்ணீர் தீர்கிற நேரம்தான்.