சுவருக்கு அந்தப் பக்கம் சாரங்கபாணி

நீடாமங்கலம் ரயில்வே கேட் போட்டால் பஸ் நிற்கும். பஸ் நின்றால் பாதிப் பேர் இறங்கி தியாகராசனின் பாருக்குள் போவார்கள். மீதிப் பேர் என் கடை வாசலில் வந்து நின்று, "இன்னும் எந்த வண்டிங்க வரணும்?" என்று என்னைக் கேட்பார்கள், நான்தான் ஸ்டேஷன் மாஸ்டர் போல.

என்னுடையது பெட்டி ரிப்பேர் கடை. ஜிப் போன பை, சக்கரம் கழன்ற சூட்கேஸ், கைப்பிடி அறுந்த பெட்டி எல்லாம் வரும். துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் ஆள் போவது அதிகமானதிலிருந்து அல்லாஹ் எனக்கு வேலைக்குக் குறை வைக்கவில்லை. கடை முதலில் வந்தது. தியாகராசனின் பிராந்திக் கடையும் அதை ஒட்டிய பாரும் பிறகுதான் வந்தன. இதைப் பள்ளிவாசலில் சொல்லிச் சொல்லி என் வாய் வலித்துவிட்டது. "பாருக்குப் பக்கத்துல போய்க் கடை வச்சிருக்கியே காதர் மைதீன்" என்பார்கள். பார் அல்லவா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது!

நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டுதான் சாரங்கபாணி பாடுவார். பல வருடம் அவர் பாட்டைக் கேட்டிருக்கிறேன். அவர் பாடி ஒரு நாளும் பார்த்ததில்லை. நான் அந்தப் படியை மிதிக்கிறவன் இல்லை.

சாரங்கபாணியின் அப்பாவுக்கு ஆற்றுக்கு அந்தப் பக்கம் குத்தகை நிலம். ஆற்றில் தண்ணீர் வந்தால் சோறு, வராவிட்டால் கடன். அது பிடிக்காமல் சாரங்கபாணி குவைத்துக்குப் போனார். அங்கே சண்டை வந்தபோது கட்டிய துணியோடு ஓடி வந்தவர்கள் நம் பக்கத்தில் எத்தனையோ பேர். இவர் கட்டிய துணியோடு ஒரு புல்புல்தாராவையும் தூக்கிக்கொண்டு வந்தார். ஒரு கையால் டைப் அடிப்பதுபோல் கட்டைகளைத் தட்டி, மறு கையால் கம்பியை மீட்டுகிற வாத்தியம் அது. கூட வேலை பார்த்த கராச்சிக்காரர் ஒருவர் கொடுத்ததாம். அதன் பெட்டிக்குக் கீல் போனபோதுதான் முதன்முதலில் என்னிடம் வந்தார்.

"பாய், பெட்டிய சரி பண்ணுங்க. உள்ள இருக்கறதத் தொடாதீங்க."

"உள்ள என்ன இருக்கு?"

"ஊரு வம்பு."

உண்மைதான். அவர் பாடியதெல்லாம் ஊர் வம்பு. பகலில் ஸ்டேஷன் கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்குவார், பொழுது சாயும் நேரத்தில் பாருக்கு வந்துவிடுவார். குடிப்பாரா என்று கேட்காதீர்கள். குடிப்பார். ஆனால் சினிமாப் பாட்டு மட்டும் பாட மாட்டார். சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்த பையன்கள் கெஞ்சுவது எனக்குச் சுவர் வழியாகக் கேட்கும்.

"அண்ணே, ஒரே ஒரு சினிமாப் பாட்டு போடுண்ணே."

"போடறதுக்கு நான் என்ன ரேடியோப் பொட்டியா? ஒன் கதையச் சொல்லு, அதப் பாடறேன்."

ஒரு நாள் ஏஜெண்டிடம் ஏமாந்த ஒருவன் மேசையைத் தட்டி எல்லோரையும் திட்டிக்கொண்டிருந்தான். அவன் திட்டியதையே எடுத்து இவர் மெட்டுப் போட்டுத் திருப்பிப் பாடினார். ஏஜெண்ட் பம்பாய் வரைக்கும் கூட்டிப்போய், கடலைக் காட்டி, இதுதான் துபாய் என்று சொன்னதாகப் பாட்டு. முதலில் அவனே சிரித்தான். பிறகு இன்னொருவன், "எனக்கும் அதே ஆளுதான்யா" என்றான். கேட் திறந்து பஸ் போன பிறகும் அவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு எரிச்சல் வேறு ஒன்றில். அந்தித் தொழுகையான மஃரிபுக்குப் பாங்கு சொல்ல ஆரம்பித்தால் சாரங்கபாணி அந்த இடத்திலேயே நிறுத்திவிடுவார். யாரும் கேட்டுக்கொண்டதில்லை, அவராகச் செய்தது. பாருக்குள் கிளாஸ் வைக்கிற சத்தம்கூட அடங்கிவிடும். மரியாதைதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பாட்டின் எந்த இடத்தில் நிறுத்துவது என்று ஒரு கணக்கு வேண்டாமா? ஆற்றில் தண்ணீர் வராமல் நாற்றங்கால் வெடித்துக் கிடந்த வருடம் அது. ஒரு மாலை இப்படிப் பாடினார்:

கேட்டுக்குப் பின்னால ரயிலு நிக்குது
ரயிலுக்குப் பின்னால ரோடு நிக்குது
ரோட்டுக்குப் பின்னால ஊரே நிக்குது
மேட்டூருத் தண்ணி மட்டும்...

பாங்கு வந்துவிட்டது. நிறுத்திவிட்டார். நான் கடையைச் சாத்திவிட்டுப் பள்ளிக்குப் போனேன். தண்ணி மட்டும் என்ன? அதுவும் நிற்கிறதா? ஓடுகிறதா? வரவே இல்லையா? தொழுகையில் தக்பீர் கட்டி நின்றாலும் அந்த அடிதான் மனதில் நிற்கிறது. அல்லாஹ் மன்னிக்க வேண்டும்.

மறுநாள் அவர் கடை வழியாகப் போகும்போது பிடித்துக்கொண்டேன்.

"சாரங்கபாணி, ஒங்களால என் தொழுகை கெட்டுப்போவுது. ஒண்ணு, பாங்குக்கு முன்னால பாட்ட முடிங்க. இல்ல, ஆரம்பிக்காதீங்க."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "சரி பாய், ஒங்க பள்ளிவாசல்ல நேரத்தக் கேட்டுக்கிட்டு பாடறேன்" என்றார். தியாகராசன் அப்போது பக்கத்தில் மோட்டார் சைக்கிளை நிறுத்திக்கொண்டிருந்தார். அவர் சிரிக்கவில்லை. அதை நான் கவனித்திருக்க வேண்டும்.

அந்த வாரமே தியாகராசனின் மச்சான் துபாயிலிருந்து ஒரு பாட்டு செட் கொண்டுவந்து இறக்கினார். என் உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர். அதை எங்கே வைத்தார்கள்? சாரங்கபாணி சாய்கிற அதே சுவரில். சுவர் அதிர்ந்தது. தட்டில் போட்டு வைத்த ரிவெட்டெல்லாம் தானாக நகர்ந்து தரையில் விழுந்தது. பாங்கு சொன்னாலும் நிற்கவில்லை, எதிரே சவ ஊர்வலம் போனாலும் நிற்கவில்லை. அதற்குக் காது இல்லையே, எப்படி நிற்கும்?

சாரங்கபாணியையும் காணோம். ஆற்றில் தண்ணீர் வந்து நாற்று விட்ட பிறகும் ஆள் வரவில்லை. ஒருமுறை ரோட்டின் அந்தப் பக்கமாகப் போனார். கூப்பிட்டேன். கேட்காததுபோல் போய்விட்டார்.

பாரில் ஆம்லெட் போடுகிற அரசப்பன்தான் விஷயத்தைச் சொன்னான்.

"நீங்கதானே பாய் நிறுத்தச் சொன்னீங்க?"

"நான் எதடா நிறுத்தச் சொன்னேன்?"

"மொதலாளி சொன்னாரே. 'தொழுகைக்கு எடைஞ்சலா இருக்குன்னு பாய் வருத்தப்படறாரு, மத விஷயம், நான் ஒண்ணும் பண்ண முடியாது'ன்னு சாரங்கபாணி அண்ணன அனுப்பிச்சுட்டாரு. பொட்டிய மூடிக்கிட்டு போயிட்டாரு."

கடையைப் போட்டது போட்டபடி எழுந்தேன். தியாகராசனுக்காக வெளியே நின்றேன். அவர் உள்ளேயிருந்து வரவில்லை. ஆள் அனுப்பினேன், "பாய உள்ள வரச் சொல்லு" என்றாராம். வேறு வழி இல்லை. போனேன். அந்தப் படியில் ஏறி, வாசலோடு நின்றுகொண்டேன். அந்த நேரம் பார்த்துக் கேட் போட்டுவிட்டான். ரோடு முழுக்க வண்டி. முதல் வரிசையில் ஸ்கூட்டரோடு நிற்பது யார்? எங்கள் ஜமாஅத் செயலாளர் லியாகத் அலி! அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"வாங்க பாய், வாங்க" என்றார் தியாகராசன்.

"நான் உள்ள வரல. சத்தத்தக் கொறைங்க, பேசணும்."

"என்னது?"

"சத்தத்தக் கொறைங்க!"

"ரிமோட்டு மச்சான்கிட்ட இருக்கு. அவரு வேளாங்கண்ணி போயிருக்காரு!"

என் காதுப் பக்கம் குனிந்து அவர் தன் நியாயத்தைக் கத்தினார். "யாவாரம் பாய்! அவன் பாடுனா ஒரு குவார்ட்டர வாங்கி வச்சுக்கிட்டு கதை கேட்டுக்கிட்டு ஒக்காந்திருக்கான். செட்டு போட்டா பேச முடியாது. மடக்கு மடக்குன்னு குடிச்சிட்டு எந்திரிச்சிர்றான். அடுத்த ஆளுக்கு எடம்!"

உள்ளே பார்த்தேன். எல்லோரும் சுவரைப் பார்த்துக்கொண்டு குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவனும் ஒருவனிடமும் பேசவில்லை.

"ஒங்க யாவாரத்துக்கு என் தொழுகைய ஏன் இழுக்கறீங்க?" என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. என் பொறுமை போய்விட்டது. வாழ்க்கையில் முதல்முறையாகத் தொண்டை கிழியக் கத்தினேன்.

"நான் பாட்ட நிறுத்தச் சொல்லல! பாட்ட முடிக்கச் சொன்னேன்!"

செட்டில் ஒரு பாட்டு முடிந்து அடுத்த பாட்டு தொடங்க ஒரு மூச்சு இடைவெளி உண்டு. சரியாக அதில் போய் விழுந்தது என் சத்தம். பார் முழுக்கக் கேட்டது. கேட்டில் நின்ற மன்னார்குடி பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

உள்ளே யாரோ, "அப்ப பாய் பேர்ல பழியா?" என்றான். தியாகராசன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அடுத்த பாட்டு தொடங்கிவிட்டது. நான் இறங்கி வந்தேன்.

அதோடு முடிந்ததா? மறுநாள் மாலை சாரங்கபாணி என் கடைக்கு வந்துவிட்டார், பெட்டியோடு.

"பாய், கீலு மறுபடி போயிருச்சு."

பார்த்தேன். கீல் நன்றாகத்தான் இருந்தது. அதற்குள் அவர் என் கடைப் படியில் உட்கார்ந்தார். "கம்பி சரியா இருக்கான்னு பாக்கறேன்" என்று இரண்டு தட்டுத் தட்டினார். அப்படியே பாட ஆரம்பித்துவிட்டார். பாரிலிருந்து ஒருவன் எட்டிப் பார்த்தான். பிறகு நாலு பேர். கிளாஸோடு வந்து என் கடை வாசலில் நின்றார்கள். எங்கே வாடிக்கையோ அங்கே அரசப்பன், ஆம்லெட் தட்டோடு!

"ஏம்ப்பா, தட்ட எங்க வைக்கற? அது ஹஜ்ஜுக்குப் போறவரு பெட்டிப்பா!"

"சூடு இல்ல பாய், கறை புடிக்காது."

நான் அங்கே இங்கே ஓடினேன். ஒருவனை நகர்த்தினால் இன்னொருவன் வருகிறான். கடைசியில் தியாகராசனே வந்தார்.

"என்ன பாய், போட்டிக் கடையா?"

"புண்ணியமாப் போவும், இவர உள்ள கூட்டிக்கிட்டு போங்க. இன்னைக்கே. இல்லன்னா ஒங்க பாரு மொத்தமும் என் வாசல்லதான்."

தியாகராசன் காலியாகிக் கிடந்த தன் பாரைத் திரும்பிப் பார்த்தார். "சரி, வாய்யா. பகல்ல செட்டு, சாயங்காலம் நீ. நடுவுல ரெண்டு சினிமாப் பாட்டு..."

"நான் பாடுனா நம்ம பாட்டுதான்" என்றார் சாரங்கபாணி. "அந்தப் பொட்டி வாயத் தொறக்கக் கூடாது."

"மச்சான் கோவிப்பாரு."

"மச்சானப் பத்தியும் ஒரு பாட்டு இருக்கு. பாடவா?"

"வேணாம், வேணாம். வா."

அவர் பெட்டியைத் தூக்கும்போது கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"ஒண்ணு சொல்லிட்டுப் போங்க. மேட்டூருத் தண்ணி மட்டும்... அப்புறம் என்ன?"

அவர் யோசித்தார். "மறந்துபோச்சு பாய்."

"மறந்துபோச்சா? அதுக்காக நான் அந்தப் படியில ஏறி, செயலாளர் கண்ணுல பட்டு..."

"அன்னைக்குத் தண்ணி வரல, அதனால ஒரு அடி வந்துச்சு. இப்பத்தான் ஆத்துல தண்ணி வந்துருச்சே. அந்த அடிய வச்சிக்கிட்டு என்ன பண்ண?"

போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து புதிதாக ஒன்று கிளம்பியது.

தண்ணி வந்து சேந்துருச்சு, வாய்க்கா ரொம்பிருச்சு
நாத்த வந்து பாருங்கன்னு நாத்தே கூப்புடுது
நாலு வீடு ஏறி எறங்கி நட ஆளு கேட்டா...

பாங்கு சொன்னார்கள். அந்தப் பக்கம் கப்பென்று அடங்கிவிட்டது. கடையைச் சாத்தினேன். பள்ளிவாசல் குழாயடியில், தொழுகைக்கு முன் கை கால் முகம் கழுவி ஒளு செய்ய உட்கார்ந்தேன். நட ஆளு கேட்டா என்ன? திருப்பூருக்குப் போய்விட்டானா? துபாய்க்கா? மூன்று முறை கழுவ வேண்டிய கை. எத்தனையாவது முறை கழுவுகிறேன் என்று தெரியவில்லை. தண்ணீர் அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தேன்.